புதன்கிழமைத் தவணை

விசுவமடு. பங்குனி வெயில் ஏறமுதல்
வலைக்குடிலுக்குள் போனால்
நாற்பத்தாறு தக்காளியும் கூரையில் தலை முட்டி
வளைந்து, வந்த வழியே கீழே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.
ஒவ்வொன்றும் என்னைவிட இரண்டு முழம் உயரம்.
ஒரு கால் நொண்டியான கதிரையில் ஏறி நின்றுதான்
பறிக்கிறேன், இந்த ஒரு மாதமாக.

வியாழன் காலை, இனிச் சரிவராது என்று
ஆரணியின் பென்சில் பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்து
நெருப்பில் வாட்டினேன்.

முதலில் கவட்டு முளைகள்.
இலைக்கும் தண்டுக்கும் நடுவில்
கேளாமல் வந்து குந்தியிருப்பவை.
அவையும் காய்க்கும்தான். காய்க்குமுன்
தாய்த்தண்டை நூலாக்கிவிடும்.
பிறகு உச்சிகள், முழங்கை நீளத்துக்கு.

அந்த வாசம்!
பூனை மூத்திரத்துக்கும் புதுமழைக்கும் இடையில் எங்கோ.
விரல் மஞ்சளாகி, பத்து மணிக்குக் கறுத்து,
சவர்க்காரம் போட்டால் நுரை பச்சையாய் ஓடியது.

வெட்டிய உச்சியில் பூ இருந்தது.
பூவோடு தண்ணீரில் வைத்தால்
வேருக்குப் போகவேண்டியதை அது குடித்துவிடும்.
கிள்ளினேன்.
ஒரு பூ ஒரு காய், பத்துக் காய் ஒரு கிலோ,
கிலோ முந்நூற்று இருபது.
கிள்ளக் கிள்ள வாய்க்குள் கணக்கு ஓடியது,
நிறுத்தத் தெரியவில்லை.

யோகட் கோப்பை, கழுத்தறுத்த சோடாப் போத்தல்,
ஐஸ்கிறீம் பெட்டி, யோகமலர் அக்கா வீட்டுப் பெயின்ற் வாளி.
கிணற்றுக்கட்டின் நிழலில் அறுபத்துமூன்று தண்டுகள்.
மத்தியானம் பார்த்தால்
அறுத்த கோழியின் கழுத்துப் போல எல்லாம் தொங்கின.
பார்க்காமல் சமைக்கப் போனேன்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பில் ஒருவர் பேசினார்:
வெட்ட வெட்டத் துளிர்க்கும் சனம் நாங்கள் என்று.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.
ஆனால் தக்காளிக்கு ஒன்பது நாள்,
ஒரு கோப்பை தண்ணீர், போதும்.
அவர் ஒரு தண்டையும் நட்டுப் பார்த்தவரில்லை,
ஒரு சனத்தையும்.

ஆறாம் நாள் புதன்.
மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைமுனையில் கேட்டதும்
ஆரணி வழக்கம்போல உள்ளே போய்விட்டாள்.
கடன்காரப் பெடியன் டிலக்சன்,
கக்கத்தில் கொப்பி, முதுகெல்லாம் வியர்வை.
"இந்தக் கிழமை இல்லைத் தம்பி."
எழுதினான். எழுதிவிட்டும் போகவில்லை.
"அக்கா, உதென்ன?"

ஒரு தண்டைத் தூக்கிக் காட்டினேன்.
அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்,
குளிரில் கூச்செறிந்த தோல் மாதிரி.
"வேர் வரப்போகுது."
குனிந்து நெடுநேரம் பார்த்தான்.
கிளிநொச்சியில் மாடி அறையாம், வாடகையாம்,
மண் இல்லையாம்.
"இப்போதைக்கு மண் தேவையில்லை" என்று
ஒரு யோகட் கோப்பையைக் கொடுத்தேன்.
"நட்டபிறகு வாற முதல் பூவைக் கிள்ளிப்போடும்."
"ஐயோ, பாவமெல்லோ அக்கா?"
"முதல் பூ வட்டி, தம்பி."
சிரிக்கவில்லை அவன். நானும்தான்.
கோப்பையை இடக்கையில் பிடித்து
ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு
கிரவல் ரோட்டில் மெல்ல மெல்லப் போனான்.

பதினோராம் நாள் நட்டேன்.
தண்டைப் படுக்கவைத்து, கழுத்துவரை மண் மூடி,
நுனி மட்டும் வெளியே.
மண்வெட்டி பிடித்த கை
தானாக ஆழம் போகிறது எனக்கு.
ஒரு சாண் போதும் இதற்கு, ஒரு சாண் போதும் என்று
சொல்லிச் சொல்லி வெட்டினேன்.
பன்னிரண்டு பிழைக்கவில்லை. ஒன்றை ஆடு தின்றது.
மற்றவை நிற்கின்றன, முழங்கால் அளவுகூட இல்லாமல்.
கதிரை இப்போது குடிலுக்கு வெளியே
காகம் இருக்க.

அடுத்த புதன் வந்தான்.
கொப்பியைத் திறக்கமுதல் போனைத் திறந்து நீட்டினான்:
கோப்பை, யன்னல், வெளிச்சம்,
தண்ணீருக்குள் நாலைந்து வெள்ளை நூல்கள்.
இரண்டு விரலால் பெருப்பித்துக் காட்டினான்.

பிறகு காசு கேட்டான்.